என் பதினோராவது ஸ்லைடு

விமானச் சட்டம், விமானக் காப்பீடு பற்றிய மாநாடுகளுக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு விமானம் ஏறப் பயம். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஆண்டு முழுவதும் விபத்து அறிக்கைகளைப் படித்துப் பிழைக்கிறவர்கள் நாங்கள். டெல்லியிலிருந்தும் மும்பையிலிருந்தும் வந்து இறங்குகிறவர்கள் ஏதோ கண்டம் தப்பியதைப் போல ஒருவரையொருவர் கட்டிக்கொள்வார்கள். பெங்களூரில் நடக்கும் மாநாட்டில் மட்டும் எனக்கு அந்தக் கவலை இல்லை. வீடு பிரேசர் டவுனில். மாநாடு நடக்கும் ஓட்டல் விமான நிலையம் போகும் சாலையில். ஹெப்பால் மேம்பாலத்தில் முக்கால் மணி நேரம் நின்றால் போய்ச் சேர்ந்துவிடலாம்.

முதல் நாள் காலையில் பெரிய விஷயங்களைப் பேசுவார்கள். குத்தகை விமானம், போர் அபாயக் காப்பீடு, லண்டனில் மறுகாப்பீடு செய்கிறவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதெல்லாம். என் அமர்வு எப்போதும் சாப்பாட்டுக்குப் பிறகுதான். பிரியாணியும் குலாப் ஜாமூனும் உள்ளே போனபின் குளிர்சாதன அரங்கில் கண் செருகும் நேரம். "சார், உங்கள விட்டா அந்த நேரத்துல யாரும் தூங்காம பாத்துக்க முடியாது" என்பார் மாநாட்டை நடத்துகிறவர். அது பாராட்டா, கோமாளி வேஷத்துக்கு அழைப்பா என்று நான் யோசித்ததில்லை. வருடா வருடம் ஒப்புக்கொண்டேன்.

விபத்துக்குப் பின் என்ன பேசலாம், என்ன பேசக் கூடாது என்பதுதான் என் தலைப்பு. அதில் பதினோராவது ஸ்லைடு கொஞ்சம் பிரபலம். திரையில் மூன்று வாக்கியங்கள் வரும். 'தப்பு எங்களுடையது.' 'மன்னித்துவிடுங்கள்.' 'நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.' நான் பொத்தானை அழுத்தியதும் மூன்றின்மேலும் சிவப்புக் கோடு விழும். பொறுப்புக் காப்பீட்டுப் பாலிசி எதை எடுத்தாலும் உள்ளே ஒரு நிபந்தனை உண்டு. காப்பீட்டுக் கம்பெனியைக் கேட்காமல் தவறை ஒப்புக்கொள்ளக் கூடாது. ஒப்புக்கொண்டால் கம்பெனி கையை விரித்துவிடலாம். அதனால் விமானக் கம்பெனிக்காரர்களுக்கும் விமான நிலையத்தில் வேலை பார்க்கிறவர்களுக்கும் நான் சொல்வது இதுதான்: அடிபட்டவருக்குத் தண்ணீர் கொடுங்கள், ஆம்புலன்ஸ் கூப்பிடுங்கள், கூடவே நில்லுங்கள், மன்னிப்பு மட்டும் கேட்காதீர்கள். வாய் சும்மா இருக்காது என்றால், 'நடந்ததற்கு வருந்துகிறோம்' என்று சொல்லிக்கொள்ளலாம். மழை பெய்ததற்கு வருந்துவதைப் போல. மழையை யாரும் பெய்விக்கவில்லை அல்லவா?

இந்தப் பழக்கம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. ஒருமுறை சோபாவில் இருந்த மனைவியின் மூக்குக் கண்ணாடிமேல் உட்கார்ந்துவிட்டேன். உடைந்த கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு, "இப்படி ஆனதுல எனக்கு ரொம்ப வருத்தம்" என்றேன்.

"யாரோ வந்து உக்காந்துட்டுப் போன மாதிரி சொல்றீங்களே. உக்காந்தது நீங்கதானே?" என்றாள். அன்று முழுக்க எனக்குக் காபி கிடைக்கவில்லை.

இனி ஒரு விபத்துக் கோப்பைப் பற்றிச் சொல்லவேண்டும்.

ஐந்து வருடங்களுக்கு முன் அது எங்கள் அலுவலகத்துக்கு வந்தது. ரிச்சர்ட்ஸ் டவுனில் வசிக்கும், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். சென்னையில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பியிருக்கிறார். முழங்கால் வலி என்பதால் சக்கர நாற்காலி கேட்டிருந்தார். விமானத்தின் கதவிலிருந்து முனையத்துக்கு வரும் ஏரோபிரிட்ஜ், கொஞ்சம் சரிவாக இருக்கும் அந்தக் கூண்டுப் பாதை, அங்கே நாற்காலியிலிருந்து முன்பக்கமாக விழுந்துவிட்டார். வலது மணிக்கட்டில் இரண்டு இடத்தில் முறிவு. நாற்காலி தள்ளும் ஊழியர்களை அனுப்பும் கம்பெனிக்குக் காப்பீடு கொடுத்தவர்களுக்கு நான் வக்கீல்.

விமானக் கம்பெனிக்கு ஒரு பாலிசி, விமான நிலையத்துக்கு ஒன்று, நாற்காலிக் கம்பெனிக்கு ஒன்று. மூவரும் மற்ற இருவரைக் கைகாட்டினார்கள். பயணி விமானத்திலிருந்து இறங்குவது என்பது எங்கே முடிகிறது? கதவிலா, ஏரோபிரிட்ஜின் கடைசியிலா, முனையத்துக்குள் கால் வைத்த பிறகா? யார் பணம் கொடுப்பது என்பதை முடிவுசெய்யும் இந்தக் கேள்வியில் எங்களுக்கு இருக்கும் ஆசை வெளியாளுக்குப் புரியாது. அந்த வருட மாநாட்டில் இதற்கென்றே ஒன்றரை மணி நேரம் ஒதுக்கி, நான்கு பேர் மேடையில் அடித்துக்கொண்டார்கள். நானும் அதில் ஒருவன். நன்றாகப் பேசினேன் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

மருத்துவமனைச் செலவை விமானக் கம்பெனி உடனே கட்டிவிட்டது. மீதிக்கு மூன்று காப்பீட்டாளர்களும் ஒருவழியாக உடன்பட்டு, 'தவறை ஒப்புக்கொள்ளாமல் தரப்படும் இறுதித் தீர்வு' என்ற படிவத்தை, 'நடந்ததற்கு வருந்துகிறோம்' என்ற கடிதத்தோடு அனுப்பினோம். கையெழுத்துப் போட்டு அனுப்பினால் கோப்பை மூடிவிடலாம். படிவம் கையெழுத்தில்லாமல் திரும்பி வந்தது. கூடவே ஒரு சீட்டு. வலது கையில் மாவுக்கட்டு என்பதால் இடது கையால் எழுதியிருக்கவேண்டும். எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்திருந்தன. நாற்காலி தள்ளி வந்த பெண் ஒருமுறை என் வீட்டுக்கு வரவேண்டும், அதன்பிறகு கையெழுத்துப் போடுகிறேன். அவ்வளவுதான் எழுதியிருந்தார்.

அதைப் படித்துவிட்டுச் சீட்டின் ஓரத்தில் நான் எழுதினேன்: 'மன்னிப்புக் கேட்கச் சொல்கிறார். மறுக்கவும்.' எழுத ஐந்து விநாடி ஆகியிருக்கும்.

அந்தப் பெண்ணை ஏற்கெனவே ஒருமுறை பார்த்திருந்தேன். கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பெண். பொம்மனஹள்ளியில் தோழிகளோடு அறை எடுத்துத் தங்கியிருந்தாள். இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயது இருக்கும். கம்பெனி அலுவலகத்தின் கண்ணாடி அறையில் அவளுடைய வாக்குமூலத்தைச் சரிபார்க்கப் போயிருந்தேன். அவளே எழுதிக் கொடுத்திருந்ததில், 'பெல்ட் போட்டிருக்கிறாரா என்று நான் கையால் தொட்டுப் பார்க்கவில்லை. என் தப்பு' என்று இருந்தது. அந்த இரண்டு வாக்கியங்களையும் அடித்துவிட்டு, 'பெல்ட்டின் நிலை பற்றி உறுதியாகத் தெரியவில்லை' என்று மாற்றச் சொன்னேன். மறுபேச்சில்லாமல் மாற்றி எழுதினாள். எழுதி முடித்துப் பேனாவை மூடிக்கொண்டே கேட்டாள்.

"சார், நான் ஒரு வாட்டி அவங்கள போய்ப் பாத்துட்டு வந்துடட்டுமா? லீவு நாள்ல போறேன். யாருக்கும் சொல்ல மாட்டேன்."

"போகக் கூடாதும்மா. நீ போனா கேஸ் கெட்டுடும்."

"கேஸுக்காக இல்ல சார். அவங்களுக்குக் கை ஒடஞ்சிருக்கு."

"அதுக்குத்தான் ஆஸ்பத்திரி இருக்கு" என்றேன். நினைத்தால் இன்றும் எனக்கே காது கூசுகிறது.

ஆக, ஆசிரியை அந்தப் பெண் வரவேண்டும் என்கிறார்; அந்தப் பெண்ணும் போகவேண்டும் என்கிறாள்; நடுவில் நான் நின்றுகொண்டு இரண்டு பக்கமும் கதவைச் சாத்தினேன். அவள் மறுபடி எந்தப் பயணியிடமும் எதையாவது உளறிவிடக் கூடாது என்று, கொஞ்ச காலம் நாற்காலி வேலையிலிருந்து எடுத்துப் பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டும் இடத்தில் போடச் சொன்னவனும் நானே. விமானப் பயணத்தில் ஏற்படும் காயத்துக்கு வழக்குப் போட இரண்டு வருடக் கெடு. ஆசிரியை வழக்குப் போடவில்லை. கெடு முடிந்த அன்று என் உதவியாளர் நினைவுபடுத்தினார். கோப்பை அலமாரியில் வைக்கச் சொல்லிவிட்டு வேறு வேலையைப் பார்த்தேன்.

அலமாரிக்குப் போன கோப்பை வீணாக்கலாமா? எங்கள் மாநாடுகளில் ஒரு வழக்கம் உண்டு. உண்மையான கோப்பை எடுத்து, ஊரையும் ஆளையும் மாற்றி, 'ஒரு கற்பனைச் சம்பவம்' என்று சொல்லிப் பாடம் நடத்துவோம். கேட்கிறவர்களுக்கும் அது யாரோ ஒருவருடைய கோப்பு என்று தெரியும். தெரியாததுபோல் உட்கார்ந்திருப்பது மரியாதை. சென்ற வருடம் நான் ரிச்சர்ட்ஸ் டவுன் ஆசிரியையைக் கோயம்புத்தூர்ப் பெரியவர் ஆக்கினேன். மணிக்கட்டைக் கணுக்கால் ஆக்கினேன். நாற்காலி தள்ளிய பெண்ணைப் பையனாக்கினேன். பதினோராவது ஸ்லைடு வந்ததும், "பெரியவருக்குக் காசு வேண்டாமாம், ஸாரி வேணுமாம். உலகத்திலேயே விலை கூடின சரக்கைக் கேக்கறாரு" என்றேன். அரங்கு கொல்லென்று சிரித்தது.

கேள்வி நேரத்தில் கடைசி வரிசையிலிருந்து ஒரு கை எழுந்தது. அந்த வருடம் முதல்முறையாக, விமான நிலையத்தில் நேரடியாக வேலை பார்க்கும் மேற்பார்வையாளர்கள் சிலரையும் அவர்களுடைய கம்பெனிகள் அனுப்பியிருந்தன. சீருடையும் கழுத்தில் அடையாள அட்டையுமாக ஒரு பெண் எழுந்து நின்றாள். அமர்வை நடத்தியவர் மைக்கைக் கொடுக்கச் சொல்லி, "ஹேளி மேடம்" என்று கன்னடத்தில் அவளைப் பேசச் சொன்னார்.

"சார், எனக்குச் சட்டம் தெரியாது" என்று தமிழில் ஆரம்பித்தாள். குரலைக் கேட்டதுமே யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. "அந்தப் பெரியவர் இப்ப எப்படி இருக்காரு?"

கோயம்புத்தூர் என்று நான் சொன்ன பொய்யையோ, பெரியவர் என்று சொன்ன பொய்யையோ அவள் கலைக்கவில்லை. என் வேஷத்துக்குள் நின்றுகொண்டே கேட்டாள். அந்தக் கோப்பில் முந்நூறு பக்கம் இருக்கும். ஏரோபிரிட்ஜின் சரிவு எத்தனை டிகிரி என்று கேட்டிருந்தால் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்லியிருப்பேன். மாவுக்கட்டுப் பிரித்த பிறகு அந்தக் கை என்ன ஆயிற்று என்பது எந்தப் பக்கத்திலும் இல்லை. நானும் கேட்கவில்லை.

"தெரியலை" என்றேன்.

அவள் நன்றி சொல்லி உட்கார்ந்தாள். அடுத்தவர் மறுகாப்பீட்டைப் பற்றி ஏதோ கேட்டார். நான் ஏதோ சொன்னேன்.

தேநீர் இடைவேளையில் அவளைத் தேடிப் போனேன். பிஸ்கட் தட்டுக்குப் பக்கத்தில் தனியாக நின்றிருந்தாள்.

"நான்தான் சார்" என்றாள்.

"தெரியும்மா."

"புதுசா வர்ற பசங்களுக்கு நான்தான் இப்ப ட்ரெய்னிங். பெல்ட்ட கண்ணால பாக்காதீங்க, கையால தொட்டுப் பாருங்கன்னு சொல்லித் தரேன். ஒவ்வொரு வாட்டி சொல்லும்போதும் அந்த மேடம் மொகம் வந்து நிக்குது." பிறகு கேட்டாள். "இப்பவாச்சும் போலாமா சார்?"

போகலாம் என்றேன். ஏதோ பெரிய துணிச்சல் செய்துவிட்டதாக யாரும் நினைக்கவேண்டாம். வழக்குப் போடும் கெடு முடிந்து இரண்டு வருடம் ஆன பிறகுதான் என் துணிச்சலுக்கு உயிர் வந்தது.

மறுநாள் ஆசிரியையிடம் நானே தொலைபேசியில் பேசினேன். யார் என்று சொன்னேன். "அந்தப் பொண்ணு வருதா?" என்று மட்டும் கேட்டார். வருகிறாள் என்றேன். "ஞாயித்துக்கிழமை சர்ச் முடிஞ்சு பதினோரு மணிக்கு வீட்டுல இருப்பேன்" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, என் வீட்டிலிருந்து அவர் வீட்டுக்கு நடந்தே போனேன். பன்னிரண்டு நிமிடம் ஆயிற்று. நான்கு வருடமாக அவர் எனக்குப் பன்னிரண்டு நிமிட தூரத்தில் இருந்திருக்கிறார். பக்கத்துத் தெருப் பேக்கரியில் நாங்கள் இருவரும் ஒரே வரிசையில்கூட நின்றிருக்கலாம். அந்தப் பெண் எனக்கு முன்பே வந்து கேட்டுக்கு வெளியே நின்றிருந்தாள். நல்ல சுடிதார், கையில் ஆரஞ்சுப் பழங்கள் இருந்த பை. பொம்மனஹள்ளியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். என்ன சொல்லவேண்டும் என்று பஸ்ஸிலேயே பாடம் செய்து வந்திருப்பாள்போல. உதடு அசைந்துகொண்டிருந்தது.

ஆசிரியை கதவைத் திறந்தார். குட்டையான உருவம், வெள்ளை முடி, காட்டன் புடவை. அவளை உள்ளே அழைத்துத் தன் பக்கத்திலேயே உட்காரவைத்தார். எதிர் நாற்காலியைக் காட்டி என்னையும் உட்காரச் சொன்னார். அந்தப் பெண் வாயைத் திறந்தாள். "மேடம், அன்னிக்கு நான்..."

"இரும்மா. மொதல்ல நான் சொல்லிடறேன். நாலு வருஷமா சொல்லக் காத்துட்டிருக்கேன்." அவளுடைய கையை இடது கையால் பிடித்துக்கொண்டார். "பெல்ட் போட்டாச்சா மேடம்னு நீ கேட்டே. போட்டாச்சுன்னு சொன்னேன். போடலே. வயித்தை அழுத்தும்னு போடாம விட்டுட்டு, தெரியாம இருக்கட்டும்னு மேல பையை வெச்சிருந்தேன். பை சரிஞ்சுது, எட்டிப் புடிக்கப் போனேன், விழுந்துட்டேன். பொய் சொல்லாதேன்னு முப்பத்தஞ்சு வருஷம் பிள்ளைங்களை பெஞ்சு மேல நிக்க வெச்சவ, உங்கிட்ட பொய் சொன்னேன். உன் வேலை போயிருக்குமோ, என்ன ஆச்சோன்னு நெனைக்காத நாள் கெடையாது. ஸாரிம்மா."

அந்தப் பெண் அழ ஆரம்பித்துவிட்டாள். "இல்ல மேடம், நான் தொட்டுப் பாத்திருக்கணும். அதான் எங்க ரூலு. நான்தான் மேடம்..." இருவரும் மாறி மாறித் தப்பைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டார்கள். தப்பை எதிராளியின் பக்கம் தள்ளுகிறவர்களை மட்டுமே பார்த்துப் பழகிய எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

"இதை நீங்க அப்பவே எழுதியிருக்கலாமே மேடம்?" என்றேன்.

"எம் பையன் கனடாவுல இருக்கான். எழுதக் கூடவே கூடாதுன்னுட்டான். எழுதினா அதை வெச்சே உங்க ஆளுங்க என்னை மடக்கிடுவாங்கன்னான். அதனாலதான் பொண்ணை வரச் சொன்னேன். நேர்ல சொன்னா எந்தக் கோப்புலயும் ஏறாது இல்லியா?"

பையன் சொன்னது சரி. அப்படி ஒரு கடிதம் வந்திருந்தால் அன்று மாலையே அதை வைத்து அவரை மடக்கியிருப்பேன். மாநாட்டில் அதற்கும் ஒரு ஸ்லைடு போட்டிருப்பேன்.

"நீங்க இவளை மன்னிப்புக் கேக்கச் சொல்றீங்கன்னு நாங்க நெனைச்சுட்டோம்" என்றேன்.

"அப்படி நான் எங்க எழுதினேன்?"

கோப்பைக் கொண்டுவந்திருந்தேன். சீட்டை எடுத்து நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். வரவேண்டும் என்று மட்டும்தான் அதில் இருந்தது. ஓரத்தில் நான் எழுதியது இருந்தது. அதையும் படித்தார். சீட்டை அந்தப் பெண்ணிடம் கொடுத்தார். அவளும் படித்தாள்.

"படிவத்தையும் குடுங்க. இவ வந்தா கையெழுத்துப் போடறேன்னு சொல்லியிருந்தேன்" என்றார் ஆசிரியை. அந்தப் படிவம் காலாவதியாகிவிட்டது என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். "அது உங்க விஷயம். நான் சொன்னது சொன்னதுதானே" என்று வலது கையாலேயே பேனாவைப் பிடித்தார். கட்டைவிரல் முழுசாக மடங்கவில்லை. ஊறுகாய் பாட்டில் மூடியைத் திறக்க இப்போதும் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடவேண்டியிருக்கிறது என்று சொல்லிக்கொண்டே, மெதுவாகக் கையெழுத்துப் போட்டார். அவர் இப்போது எப்படி இருக்கிறார் என்ற கேள்விக்கு அரங்கில் நான் சொல்லியிருக்கவேண்டிய பதில் அந்தக் கட்டைவிரல்தான்.

"இதை நான் பாத்துக்கறேன் மேடம்" என்று படிவத்தை வாங்கிக்கொண்டேன்.

அதற்குமேல் அங்கே எனக்கு வேலை இல்லை. ஆனாலும் எழுந்திருக்க முடியவில்லை. இருவரும் என்னைப் பார்த்தார்கள். "நடந்ததுக்கு நான் மிகவும் வருந்து..." என்று ஆரம்பித்தேன்.

"சார், அது லெட்டர்லயே வந்துடுச்சு" என்றார் ஆசிரியை. "நாலு வருஷம் முன்னாடியே படிச்சுட்டேன்."

கோபமாகச் சொல்லவில்லை. வீட்டுப்பாடத்தை இன்னொரு தடவை எழுதச் சொல்வதைப் போலத்தான் சொன்னார். எனக்கு ஐம்பத்தெட்டு வயது. எழுந்து நின்றேன்.

"தப்பு என்னுது மேடம். மன்னிச்சுடுங்க" என்றேன். அவர் தலையசைத்தார். பிறகு அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினேன். அவளிடம் சொல்வது இன்னும் கஷ்டமாக இருந்தது. என் தப்பு என்று அவள் எழுதியதை அடித்தவன் நான். "அன்னிக்கே உன்னைப் போக விட்டிருக்கணும். தப்பு பண்ணிட்டேன். என்னை மன்னிச்சுடும்மா" என்றேன்.

அவள் பரவாயில்லை சார் என்று சொல்லவில்லை. சீட்டின் ஓரத்தில் இருந்த என் எழுத்தை இன்னொரு முறை படித்தாள். நான் காத்துக்கொண்டிருந்தேன்.